பெரியவர்களுக்கு விளையாட்டு இரவு: என்ன வைக்கலாம்?

கேள்வி:
எங்கள் அடுக்ககத்தில் 65 வயதைத் தாண்டியவர்கள் நிறைய. ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரையும் விளையாட உட்காரவைக்க ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. எதிர்வீட்டு மாமாவுக்குக் காது மந்தம். யாரும் ஒதுங்கிவிடக் கூடாது.

பதில் 1:
தம்போலாவில் தொடங்குங்கள், எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கிற ஆட்டம்தான். 1 முதல் 90 வரை எண்கள், சீட்டில் 15தான். ஏ4 தாளுக்கு ஒரு சீட்டு என்று பெரிதாக அச்சடியுங்கள். எண்ணைக் கூப்பிட்டவுடன் பலகையிலும் எழுதுங்கள், மாமாவுக்குப் பிரச்சினை இருக்காது.

பதில் 2:
தாயத்தை விட்டுவிடாதீர்கள்! வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்துத் தாயமும் பரமபதமும் ஆடிய தலைமுறை அது. மேசை மேலேயே கட்டம் வரையுங்கள். தாயக்கட்டை உருண்டு கீழே விழும், அதனால் விளிம்புள்ள தாம்பாளத்தில் போடச் சொல்லுங்கள். முக்கியமாக, விதிகளை முதலிலேயே பேசி முடியுங்கள். எதிராளியின் காயை வெட்டினால் இன்னொரு முறை கட்டை உருட்டலாமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. என் பெரியம்மாவும் அத்தையும் இதற்காக ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். பல்லாங்குழிக்குச் சோழி போடுங்கள். மஞ்சாடி விதை சின்னது, விரல் நடுங்குபவர்களுக்குப் பிடிபடாது.

பதில் 3:
இரவு வேண்டாமே. நாலரைக்குத் தொடங்கினால் ஏழு மணிக்குள் சாப்பாடு, மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கும். சுண்டலை நன்றாகக் குழைய வேகவையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, நாலரை மணிக்கே வைக்கிறேன். தாயக்கட்டை அம்மாவிடமே இருக்கிறதாம், பித்தளை!