நரோபாண்ட் பில்டர்: கோட்டு வடியா, குறும்பட்டை வடியா?

உவர்மலையிலிருந்து:

வணக்கம். நமது வானியல் சொல்லடைவில், வானத்தைப் படமெடுக்கும்போது ஒளியின் ஒரு சிறு அலைநீளத் துண்டை மட்டும் கமராவுக்குள் விடும் ‘நரோபாண்ட் பில்டர்’ என்பதற்குக் ‘கோட்டு வடி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஒளிரும் விண்முகிலின் (நெபுலாவின்) ஒளி பெரும்பாலும் சில காலற்கோடுகளில், அதாவது அதிலுள்ள வாயுக்கள் உமிழும் குறிப்பிட்ட சில அலைநீளங்களில், திரண்டு வருகிறது. ஐதரசனுக்கு 656.3 நனோமீற்றர், இருமுறை அயனாகிய (இரண்டு இலத்திரன்களை இழந்த) ஒட்சிசனுக்கு 495.9, 500.7, ஒருமுறை அயனாகிய கந்தகத்துக்கு 671.6, 673.1. நகரத்தில் தெருவிளக்கின் ஒளி இதை மூழ்கடித்துவிடுகிறது. பழைய சோடிய விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 ஐச் சுற்றியிருந்ததால் அந்தத் துண்டை மறைத்தாலே வானம் ஓரளவு இருண்டது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்கோ நீலத்திலிருந்து சிவப்புவரை தொடர்ச்சியாகப் பரவுகிறது. மறைக்கத் தனித்துண்டு கிடையாது. கோட்டை மட்டும் உள்ளே விடுவதே வழி. இந்த வடி இருந்தால் நகரத்துக்குள் நின்றே, நிலவு காலத்திலும் ஐதரசப் படம் எடுக்கலாம். ஒட்சிசனுக்கு மட்டும் நிலவில்லாத இரவு வேண்டும். நீலப்பச்சையில் நிலவொளி கூடுதலாகச் சிதறும்.

செய்யும் வேலை பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி. ஐதரசக் கோட்டு வடி, கந்தகக் கோட்டு வடி என்று நீட்டவும் எளிது.

நிலாவெளியிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பொருள் பிசகுகிறது. 7 நனோமீற்றர் அகலமான ஐதரச வடி 652.8 முதல் 659.8 வரை திறந்திருக்கும். நைதரசனின் 654.8, 658.4 கோடுகள் இரண்டும் அதற்குள்தான் விழுகின்றன. கோள்வடிவ விண்முகில்கள் (இறக்கும் விண்மீன் உதறிய வாயுக் கூடுகள்) சிலவற்றில் நைதரசன் ஐதரசனையே மிஞ்சும். அப்போது ‘ஐதரசப் படம்’ என்று நாம் காட்டுவது கலப்படம். 3 நனோமீற்றர் வடியில் 658.4 வெளியே போய்விடும், 654.8 விளிம்பில் நிற்கும். கந்தக வடியோ எப்போதும் இரண்டு கோடுகளைத்தான் விடுகிறது. வடிக்குக் கோடு தெரியாது, பட்டைதான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த வடிகள் பல படலப் பூச்சில் நடக்கும் குறுக்கீட்டால், அதாவது ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் கொள்வதால், வேலை செய்பவை. ஒளி சாய்ந்து விழுந்தால் பட்டை நீலப் பக்கம் நகரும். குவிய விகிதம் (குவியத் தூரத்தை வில்லையின் விட்டத்தால் வகுத்த எண்) 7 உள்ள தொலைகாட்டியில் விளிம்புக் கதிரின் சாய்வு 4 பாகைதான். நகர்வைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குவிய விகிதம் 2 இல் சாய்வு 14 பாகை, நகர்வு சில நனோமீற்றர். சாதாரண 3 நனோமீற்றர் வடியை அங்கே மாட்டினால், ‘கோட்டு வடி’ என்று நம்பி வாங்கியவருக்குக் கோட்டின் பெரும்பகுதியே கிடைக்காது. அத்தகைய தொலைகாட்டிக்கென முன்கூட்டியே சிவப்புப் பக்கம் தள்ளிச் செய்த வடி வேண்டும்.

ஆகவே ‘குறும்பட்டை வடி’. அகலத்தைச் சேர்த்தே சொல்லவேண்டும்: ‘7 நனோமீற்றர் ஐதரசக் குறும்பட்டை வடி’. உச்ச ஊடுகடத்தலின் பாதி உயரத்தில் அளப்பதால் அந்த அகலத்துக்கு ‘அரையுயர அகலம்’ பொருந்தும். ‘நுண்பட்டை’ வேண்டாம், நுண் என்பதை மைக்ரோவுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். நிறக் கமராவுக்கு வரும் வடி ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து விடுவதால் அது ‘இருபட்டை வடி’.

சொல்லடைவின் விளக்கத்தில் இதையும் சேர்க்கலாம். வடி போட்டால் விண்மீன்களும் மங்கும்; பிரகாசமான ஒன்றைப் பிடித்து 5 முதல் 10 செக்கன் திறப்பில் குவியப்படுத்த வேண்டும். வடியை மாற்றும்போது திரும்பவும் குவியம் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்கு 300 செக்கன் வேண்டியிருப்பதால் துருவ ஒழுங்கு, அதாவது தொலைகாட்டித் தாங்கியின் அச்சை வான் துருவத்துக்கு நேராக்குவது, துல்லியமாக இருக்கவேண்டும். திருகோணமலையில் துருவ விண்மீன் எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு பனை மறைத்தாலும் போயிற்று. விண்மீன் நகர்வைப் பார்த்துச் சரிசெய்யும் முறையே இங்கே கைகொடுக்கும். வாடைக்கால மழை ஓய்ந்தபின் மாசியில் ரோசெட் விண்முகில் முன்னிரவிலேயே ஏறத்தாழ உச்சிக்கு வரும். முதற்படத்துக்கு நல்ல இலக்கு அது.

உவர்மலையிலிருந்து:

நைதரசன் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ‘குறும்பட்டை வடி’ என்றே பதியலாம். ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் அந்த வடி விடும் கோடுகளை எண்ணோடு தரவேண்டும்: ‘7 நனோமீற்றர் ஐதரசம்: 654.8, 656.3, 658.4’. ‘கோட்டு வடி’யை மாற்றுச்சொல்லாகக்கூட வைக்க வேண்டாம், வாங்குபவர் குழம்புவார். நெபுலாவுக்கு விண்முகிலா ஒண்முகிலா என்பதைத் தனி இழையில் எடுப்போம்.