ஜனவரியில் காய்ச்சிய பீரில் நெயில் பாலிஷ் வாசம்: கொட்டிவிடவா?

கத்துக்குட்டி, சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் போட்ட இரண்டும் அருமையாக வந்தன. எதிலும் குறை சொல்லும் என் மச்சானே இன்னொரு பாட்டில் கேட்டார் என்றால் பாருங்கள். மூன்றாவதை ஜனவரி முதல் வாரம், இங்கே நல்ல கோடையில் போட்டேன். காவடி விரதம் முடிகிற நேரத்தில் பாட்டிலும் பதமாகியிருக்கும் என்று ஒரு கணக்கு.

20 லிட்டர் பேல் ஏல், அதாவது வெளிர் நிற பீர். அதே மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), அதே ஈஸ்ட் பாக்கெட். அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரில் தொடக்கம் 1.048, முடிவு 1.010. அதாவது ஏறக்குறைய 5 சதவீத ஆல்கஹால். குறையே இல்லை என்று நினைத்துத் திறந்தால் குப்பென்று நெயில் பாலிஷ் வாசம்! ஒரே ஒரு கிளாஸ்தான் குடித்தேன், மறுநாள் தலை பிளந்தது.

பக்கெட்டைச் சமையலறையில், இட்லி மாவு பொங்க வைக்கிற மூலையில் வைத்திருந்தேன். மாவுக் கிருமி தாவிவிட்டது என்கிறார் வீட்டுக்காரம்மா. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மறுக்கவும் தெரியவில்லை. கொட்டிவிடவா?

பழைய பக்கெட், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தம்பி, மாவு மேல் பழி போடாதீர்கள். அந்தக் கிருமி ஏறியிருந்தால் பீர் புளித்திருக்கும். இது சூட்டுக் கோளாறு. அறை 28 டிகிரி இருந்தால், ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும்போது பக்கெட்டுக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் உங்கள் ஈஸ்ட், நெயில் பாலிஷ் வாசம் தருகிற எத்தில் அசிடேட்டையும், பியூசல் ஆல்கஹால் என்கிற காட்டமான ஆல்கஹால்களையும் தாராளமாகக் கக்கும். ஜூலையில் நம் ஊர்க் குளிர்காலம் உங்களைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். இட்லி மாவு சீக்கிரமே பொங்கி வழிகிற மூலையில் பீர் மட்டும் அடங்கி இருக்குமா?

முதல் மூன்று நாள்தான் முக்கியம். அதுவரை 19, 20 டிகிரியில் பிடித்து வையுங்கள். பிறகு கொஞ்சம் ஏறினாலும் பாதகமில்லை. எங்கள் ஆயா டிசம்பரில் இஞ்சி பீர் போட்டால், பாட்டில்களைத் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டித் தண்ணீரில்தான் நிறுத்துவார். தெர்மாமீட்டரைக் கண்ணால் கண்டவர் இல்லை. நீங்களும் பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றிப் பக்கெட்டை இறக்குங்கள். 2 லிட்டர் குளிர்பான பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு போடுங்கள்.

இருக்கிற பீரைக் கொட்டுங்கள். எத்தனை மாதம் வைத்தாலும் அந்த வாசம் போகாது.

ஜோபர்க் ஹாப்ஸ், ஜோஹன்னஸ்பர்க்:
டப் எல்லாம் எதற்கு? பக்கெட்டுக்கு ஈர டிஷர்ட் போர்த்தி, எதிரே ஒரு ஃபேன். எனக்கு ஐந்து டிகிரி குறைகிறது.

பழைய பக்கெட்:
உங்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று, ஈரம் உடனே ஆவியாகிறது. டர்பனில் ஜனவரியில் கொடியில் போட்ட டிஷர்ட்டே காய்வதில்லை.

கத்துக்குட்டி:
பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கலாம் என்று பார்த்தேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயம்.

கடலோரம், அம்லாங்கா:
இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. 20 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. ஆனால் நான் வெயிலோடு மல்லுக்கட்டுவதையே விட்டுவிட்டேன். க்வெய்க் என்று நார்வே பண்ணை ஈஸ்ட் இருக்கிறது. அதில் வோஸ் வகை 35 டிகிரியில்தான் குஷியாக இருக்கும். மூன்று நான்கு நாளில் வேலை முடிந்து, லேசாக ஆரஞ்சு மணம் வரும். ஹாப்ஸ்தான் பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ; ஜார்ஜ் ஊர்ப் பக்கம் விளைகிற சதர்ன் பேஷன் வகை ஹாப்ஸை அதோடு சேர்த்தேன், பழ வாசனைக்கு நல்ல ஜோடி. ஆனால் சுத்தமான, கசப்பு தூக்கலான பேல் ஏல்தான் வேண்டும் என்றால் அண்ணன் சொன்ன டப்தான் சரி.

கத்துக்குட்டி:
கொட்டிவிட்டேன். மனம்தான் ஆறவில்லை. அடுத்தது க்வெய்க், குளிர் வந்ததும் மறுபடி பேல் ஏல். மாவு நிரபராதி என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். "அப்படியானால் என் மாவு மூலையில் உங்கள் பக்கெட்டுக்கு என்ன வேலை?" என்று இப்போது புது வழக்கு.