புதுப்பிப்பு: போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்ற துணிக்கடை

நம்பர் சொல்லாவிட்டால் சிஸ்டம் விடாது, பில் போட முடியாது என்றார்கள், வேறு வழியில்லாமல் கொடுத்ததிலிருந்து ஒரே ஆஃபர் மெசேஜ் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், விளம்பர மெசேஜ்களைத் தடுப்பதற்கான 1909 என்ற எண்ணுக்கு 'START 0' என்று எஸ்எம்எஸ் அனுப்பினேன். லோன், வீட்டுமனை விளம்பரங்கள் குறைந்தன, ஆனால் கடை மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. பில் போடும்போதே உறுப்பினர் கார்டில் சேர்த்துவிட்டார்களாம், அதையே என் சம்மதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்!

வேலை செய்தது 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது, அதைக் குறிப்பிட்டு, நம்பரை நீக்கச் சொல்லிப் புகார் பதிந்தேன். அப்புறம் மேனேஜரே கூப்பிட்டார், நீக்கிவிட்டதாக மெயிலும் வந்தது, மெசேஜும் நின்றது.

எதிர்பாராதது இதுதான்: அடுத்த முறை போனபோது நம்பர் தரமாட்டேன் என்றதும் பில் போடுபவர் சலனமே இல்லாமல் கடையின் நம்பரையே அடித்து பில்லை நீட்டினார். அப்படியானால் சிஸ்டம் விடாது என்று அன்று சொன்னது சும்மா. ஒன்று மட்டும், நம்பர் இல்லாத பில்லை அவர்களால் தேடி எடுக்க முடியாது, துணி மாற்ற வேண்டுமென்றால் காகிதத்தைத் தொலைக்காதீர்கள்.