ஸ்கேனர் பொத்தானைக் கவனிக்க வேண்டியது யார்?

பழந்தாள்:
லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் அமைப்பில், முன்பக்கப் பொத்தான்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன்பிடி என்ற பின்னணி நிரலையே நம்ப வேண்டியிருக்கிறது. அது 500 மில்லி விநாடிக்கு ஒரு முறை, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டிலிருந்த பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்தபோது, ஒரு கையால் மூடியை அமுக்கிக்கொண்டு மறு கையால் பொத்தானைத் தட்டினால் பல முறை எதுவும் நடக்காது. விரலை எடுக்காமல் ஒன்று, இரண்டு என்று எண்ணினால்தான் வேலை நடந்தது. 150 மில்லி விநாடி நீடிக்கும் தட்டல், 500 மில்லி விநாடி இடைவெளியில் அகப்படுவதற்குப் பத்தில் மூன்று வாய்ப்பே உண்டு. ஓயாமல் கேட்கும் இம்முறையைக் கைவிட்டு, அழுத்தியவுடன் ஸ்கேனரே தெரிவிக்கும் முறைக்கு மாற வேண்டும் என்பது என் கருத்து.

கம்பிமுனை:
ஸ்கேனரே தெரிவிக்கும் என்கிறீர்கள். கணினி கேட்காமல் யூஎஸ்பி 2.0 சாதனம் எதுவும் வாய் திறக்காது. சாதனம் தெரிவிக்கும் வழிக்கு இன்டரப்ட் (குறுக்கீடு) என்று பெயர் வைத்திருந்தாலும், அங்கும் குறித்த இடைவெளியில் கணினியின் யூஎஸ்பி கட்டுப்படுத்திதான் கேட்கிறது. கேட்கும் வேலை நிரலிடமிருந்து வன்பொருளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கேனான் லைடு 35 ஸ்கேனரை எடுத்துக்கொண்டால், அதை இயக்கும் சேனின் ஜெனசிஸ் டிரைவர், ஸ்கேனர் சில்லின் 0x6டி பதிவேட்டை (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை) படித்து, நான்கு பொத்தான்களையும் நான்கு பிட்களில் அறிந்துகொள்கிறது. ஒரு பிட்டின் மதிப்பு 0 ஆனால் அதன் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள்; டிரைவர் அதைத் திருப்பி, அழுத்தத்தை 1 என்று நிரலுக்குச் சொல்கிறது. ஸ்கேன்பிடியின் இடைவெளியை 100 மில்லி விநாடியாகக் குறையுங்கள், உங்கள் தட்டல் தப்பாது.

பழந்தாள்:
குறைத்துப் பார்த்தேன், தட்டல் தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதனத்தை எந்நேரமும் திறந்தே வைத்திருப்பதால் அது உறக்க நிலைக்குப் போவதில்லை. மடிக்கணினியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனருக்கு இது வீண்செலவு. அதைவிடப் பெரிய தொல்லை, வேறு நிரலில் ஸ்கேன் செய்யப் போனால் சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற மறுப்பு வருவது. அதைச் சமாளிக்க, உள்ளூர் ஸ்கேனரையே பிணைய ஸ்கேனர்போலக் காட்டி, 6566 ஆம் போர்ட்டில் (பிணைய இணைப்புக்கான வாயில் எண்) இணைப்பு வரும்போது ஸ்கேன்பிடி சாதனத்தை விட்டுக்கொடுத்து, பணி முடிந்தபின் மீண்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு தேவைப்படுகிறது. ஒரு பொத்தானுக்கு இத்தனை சுற்றுவழியா? விண்டோஸில், கேட்டுப் பார்க்க வேண்டுமா, தானே அறிவிக்குமா என்பதை டிரைவரே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சேன் வரையறையில் அதற்கு இடமே இல்லை.

சுவடிப்பெட்டி:
இருவரும் இடைவெளியைப் பற்றியே பேசுகிறீர்கள். படித்த மாற்றத்தை யார் நினைவில் வைப்பது என்பதும் முக்கியம். ஜெனசிஸ் டிரைவர், தான் கண்ட ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையில் சேர்த்து வைப்பதால், ஒரு பொத்தானைப் பற்றி விசாரிக்கும்போது மற்றொன்றின் அழுத்தம் தொலைந்துபோவதில்லை. பத்திரக்கட்டு வேலைக்குப் பின்னணி நிரலே வேண்டாம்: பிக்ஸ்மா டிரைவரில், ஸ்கேனைத் தொடங்கிவிட்டு, பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கச் செய்யும் விருப்பம் இருக்கிறது.

கம்பிமுனை:
அது கேனான் பிக்ஸ்மா வகைக்கு மட்டுமே உதவும். பழந்தாள் சொன்ன மறுப்புச் செய்தியோ கேட்கும் முறையால் வருவதன்று. இன்டரப்ட் வழியைக் கவனிக்கும் நிரலும் அந்த யூஎஸ்பி இடைமுகத்தைத் தன்வசம் எடுத்தே ஆக வேண்டும். அப்போதும் இரண்டாவது நிரலுக்குக் கதவு மூடியே இருக்கும். சாதனம் யாருடைய கையில் என்ற வழக்கு, நீங்கள் கேட்கும் மாற்றத்தால் தீராது.

பழந்தாள்:
அந்த வாதத்தை ஏற்கிறேன். இரண்டு குறைகளை ஒன்றாகக் கட்டிவிட்டேன். டிரைவர் தன் இயல்பை அறிவிக்க இடம் வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன். இப்போதைக்கு இடைவெளி 100-இல் இருக்கிறது. என் ஸ்கேன்பிடி அமைப்புக் கோப்பில், டிரைவர் சொல்லும் மதிப்பு 1-இலிருந்து 0-க்கு மாறும்போது, அதாவது விரலை எடுத்தபின்தான், ஸ்கேன் தொடங்கும்படி இருந்தது. அதை 0-இலிருந்து 1 என்று திருப்பிப் போட்டுவிட்டேன்.