4 நிமிஷம் 23 விநாடி: கரண்ட் அரசு கையிலா, சந்தை கையிலா?

மின்கம்பம்:
டெக்சாஸ், கடுங்குளிர், 2021 பிப்ரவரி 15, விடிகாலை 2 மணிக்குச் சற்று முன். உற்பத்தி தேவைக்குப் பற்றாமல், 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய கிரிட் (மின்வலை) 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிஷம் 23 விநாடி அங்கேயே கிடந்தது. 9 நிமிஷம் ஆகியிருந்தால் ரிலேக்கள் (பாதுகாப்பு ஸ்விட்சுகள்) ஜெனரேட்டர்களைத் தாமாகவே கழற்றிவிட்டு, மொத்த கிரிட்டும் படுத்திருக்கும். காப்பாற்ற லோடை, அதாவது பல இடங்களுக்குப் போகும் கரண்டை, வெட்டினார்கள். வெட்டிய ஃபீடர்களில் (தெருக்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்களில்) குழாயில் கேஸைத் தள்ளும் கம்ப்ரஸர்களும் மாட்டின. அவற்றில் பலவற்றை, வெட்டக் கூடாத அத்தியாவசியப் பட்டியலில் யாரும் பதியவில்லை. கம்ப்ரஸர் நின்றால் கேஸ் இல்லை, கேஸ் இல்லாவிட்டால் ஜெனரேட்டர் இல்லை. மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்று உச்சவரம்பைத் தொட்டும் உறைந்த வால்வு திறக்கவில்லை. தனியார் போட்டிச் சந்தையின் லட்சணம் இதுதான்.

உருகி:
அவசரப்படாதீங்க. அதே மாநிலத்து எல் பாசோ நகரத்தின் மின் நிறுவனமும் தனியார்தான். 2011 குளிரில் பட்ட அடிக்குப் பிறகு நிலையங்களைச் சரிசெய்தார்கள், 2021-ல் தப்பித்தார்கள். அங்கே போட்டி கிடையாது. செலவை மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் ஒப்புக்கொண்டால் கட்டணத்தில் ஏறிவிடும். டெக்சாஸின் பெரும்பகுதியில் போட்டிச் சந்தை, பெரும்பாலும் விற்ற யூனிட்டுக்குத்தான் காசு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் குளிருக்கு எவன் பைப்புக்குக் கம்பளி சுற்றுவான்? 2011-லேயே பரிந்துரை வந்தது, கட்டாயமாக்கவில்லை. முதலாளி யார் என்பதைவிட அந்தச் செலவு யார் தலையில் என்று பாருங்க.

சுமை:
கட்டுப்பாடு என்றதும் குளிர்ந்துவிடாதீர்கள். 1998-ல் கலிஃபோர்னியாவில் மொத்த விலையைச் சந்தைக்கு விட்டு, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் சில்லறைக் கட்டணத்தை மட்டும் உறைய வைத்தார்கள். 2000-ல் மின் நிறுவனங்கள் வாங்கும் விலை விற்கும் விலையைத் தாண்டியது. 2001 ஏப்ரலில் பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனம் திவால் மனு போட்டது. பில் ஏறாததால் ஸ்விட்சை அணைக்க யாருக்கும் காரணமும் இல்லை.

நட்டுபோல்ட்டு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். மின் நிலையத்தில் குளிருக்குப் பெரும்பாலும் முதலில் மாட்டுவது பெரிய பைப் இல்லை, விரல் தடிமன் சென்சிங் லைன். பாய்லர் டிரம்மின் தண்ணீர் மட்டத்தை அளக்க உதவும் அந்தக் குழாயில் தண்ணீர் ஓடாது, நிற்கும்; நிற்பதால் சீக்கிரம் உறையும். அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் தப்பு மட்டம் காட்ட, நல்ல பாய்லர் டிரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்). குளிர் வருமுன் ஹீட் டிரேஸிங் (குழாயைச் சூடாக வைக்கும் மின் கேபிள்) சர்க்யூட் ஒவ்வொன்றிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். பேனலில் விளக்கு எரிவதை நம்பாதீர்கள், உள்ளே கேபிள் அறுந்திருந்தாலும் எரியும். டிரான்ஸ்மிட்டருக்குக் காற்றுத் தடுப்புப் பெட்டி போடுங்கள். அத்தியாவசிய ஃபீடர் பட்டியலை வருஷா வருஷம் திருத்துங்கள், ஆனால் கேட்டவர்களையெல்லாம் சேர்க்காதீர்கள். விலக்கு பெருகினால் மாற்றி மாற்றி வெட்ட ஃபீடர் மிஞ்சாது. மிஞ்சிய தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடக்கும்.