கலைச்சொல் வேண்டுகோள்: புதிர் ஆட்டத்தில் ‘இனி தீராது’ என்ற நிலைக்கு என்ன சொல்?

வணக்கம்.

லூடம் டேர் போன்ற கேம் ஜாம்களுக்கு, அதாவது ஒரு கருப்பொருளைக் கொடுத்துச் சில நாளுக்குள் ஆட்டம் செய்யச் சொல்லும் நிகழ்வுகளுக்கு, சிறிய புதிர் ஆட்டம் செய்வது பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகி வருகிறது. புதிர், கட்டம், நகர்வு, விதி, செயல்தவிர் (அன்டூ) எல்லாம் கைவசம் இருக்கின்றன. கேம் ஜாம் அப்படியே இருக்கட்டும், செய்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு கருத்துதான் இடிக்கிறது.

பெட்டி தள்ளும் ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹிரோயுகி இமாபயாஷி 1981இல் உருவாக்கிய சோகோபான்தான் இவ்வகைக்குத் தாய். எல்லாப் பெட்டிகளையும் குறியிட்ட கட்டங்களில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. குறியில்லாத ஒரு மூலைக்குள் பெட்டி போய்விட்டால் கதை முடிந்தது. ஆனால் ஆட்டம் நிற்பதில்லை. ஆள் நடக்கிறான், மற்ற பெட்டிகள் நகர்கின்றன, தோற்றதாக எந்த அறிவிப்பும் வருவதில்லை. இனி எப்படி ஆடினாலும் தீராது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் டெட்லாக் என்றும் சாஃப்ட்லாக் என்றும் சொல்கிறார்கள்.

கையில் உள்ளவை: முட்டுக்கட்டை, முடக்கம், மீளாநிலை, தீராநிலை.

———

> மீளாநிலை

இது பிழையான பொருள் தரும். சோகோபானில் சரியான நகர்வுகளிலேயே பல மீளாதவை. மூலையில் குறி இருந்தால் பெட்டியை அந்த மூலைக்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். அதன்பின் அதை எடுக்க முடியாது, ஆனால் புதிர் தீரும். மீளாமை வேறு, தீராமை வேறு. நல்ல புதிர் அமைப்பதே இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான். ஆடுபவர் ‘ஐயோ, போச்சு’ என்று நினைக்கும் இடத்தில் வழி இருக்க வேண்டும். ‘சரியாகத்தான் போகிறோம்’ என்று நினைக்கும் இடத்தில் வழி அடைபட்டிருக்க வேண்டும். ஒரே சொல் இரண்டையும் மூடினால் கையேட்டில் அடுத்த பத்தியை எழுதவே முடியாது.

முட்டுக்கட்டையும் வேண்டாம். செய்தித்தாளில் பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை போடுபவர் எப்போதும் இன்னொருவர். இங்கே ஆடுபவரே தனக்கு வைத்துக்கொள்கிறார்.

———

அன்பர்களே,

முடக்கம் என்றால் ஆட்டமே உறைந்து, விசை வேலை செய்யவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். வங்கிக் கணக்கு முடக்கம், இணைய முடக்கம் என்று நாளும் படிக்கிறோம். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: எல்லாம் ஓடுகிறது, வழி மட்டும் இல்லை. இன்னொன்று, எங்கள் பக்கம் முடக்கு என்பது தெரு திரும்பும் வளைவு. யாழ்ப்பாணத்தாருக்கு முடக்கில் வழி இருக்கும்!

தீராநிலை அழகான சொல். தீரா நோய் என்கிறோமே, அந்தத் தீரா. ஆனால் பின்னொட்டில் சிக்கல் உண்டு. ‘நிலை 3’ என்றால் ஆட்டத்தின் மூன்றாவது லெவல் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படியானால் தீராநிலை என்பது தீர்வே இல்லாத லெவல் ஆகிவிடாதா? அது வடிவமைப்பவர் விட்ட ஓட்டை. நாம் பேசுவது ஆடுபவர் நடுவில் போய் விழும் இடத்தை.

———

நிலையைக் கழற்றிவிடுவோம். என் முன்மொழிவு: முட்டு.

முட்டுச்சந்து எல்லோருக்கும் தெரியும். சந்துக்குள் நடக்கலாம், திரும்பலாம், நிற்கலாம். அந்தப் பக்கம் போக முடியாது. நாம் தேடும் பொருள் அதுதான். சொல் சின்னது, கூட்டுச்சொல்லுக்கும் இடம் தருகிறது. கலைச்சொல்லுக்கு அந்தச் சோதனையே முக்கியம், ஆகவே நிரலில் வரும் மூன்று கருத்துகளில் வைத்துப் பார்த்தேன்.

முட்டிடம்: எந்தப் பெட்டி போனாலும் குறிக்குத் திரும்பாத கட்டம். கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு குறியிலும் ஒரு பெட்டியை வைத்து, தள்ளுவதற்குப் பதிலாக இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் இழுக்க அத்திசையில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் சுவரில்லாமல் இருக்க வேண்டும்: ஒன்று பெட்டிக்கு, மற்றது ஆளுக்கு. இழுத்து எட்டிய கட்டங்களுக்கெல்லாம் அடையாளம் இடுங்கள். அடையாளம் விழாத தரையெல்லாம் முட்டிடம். மூலைகள் மட்டும் அல்ல, குறியில்லாத சுவரோரம் முழுதுமே இப்படிச் சிக்குவதைப் பார்க்கலாம். அடையாளம் விழுந்த கட்டம் கட்டாயம் நல்லது என்று பொருள் இல்லை. மற்ற பெட்டிகளை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

உறைமுட்டு: பெட்டிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்வது. சுவரோரம் இரண்டு பெட்டிகள் பக்கம் பக்கமாக நின்றால் இரண்டும் அசையா. பொதுவாக, இரண்டுக்கு இரண்டு சதுரத்தின் நான்கு கட்டங்களிலும் பெட்டியோ சுவரோ இருந்து, அதில் ஒரு பெட்டியாவது குறிமேல் இல்லாவிட்டால் முட்டு.

முட்டறிதல்: இவற்றை நிரலே கண்டுபிடிப்பது. பெரிய சோகோபானுக்கு இது கடினம். சோகோபான் பிஸ்பேஸ் முழுமை (அளவான நினைவகத்தில் தீர்க்கக்கூடிய கணக்குகளிலேயே மிகக் கடினமானவை) வகையைச் சேர்ந்தது என்று ஜோசப் கல்பர்சன் 1997இல் நிறுவினார். ஜாமுக்குச் செய்யும் லெவலோ தம்மாத்துண்டு. 20 தரைக் கட்டம், 3 பெட்டி என்றால் பெட்டிகளை 1,140 விதமாக வைக்கலாம். ஆளுக்கு 17 இடம். மொத்தம் 19,380 நிலைகள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டே நொடிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். தொடக்கத்திலிருந்து அகலவாக்கில் (ஒரு நகர்வில் எட்டுபவை, பிறகு இரண்டில் எட்டுபவை என்று) தேடி, எந்த நிலையிலிருந்து எதற்கு வந்தோம் என்று குறித்துவையுங்கள். பிறகு தீர்ந்த நிலைகளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பின்னோக்கி எட்டாதவை அனைத்தும் முட்டு, ஒன்றுகூடத் தப்பாது.

———

> முட்டு

எதிர்ப்பு இல்லை, ஒரு முணுமுணுப்பு மட்டும். இன்று இணையத்தில் முட்டு என்றால் கட்சிக்காரருக்குக் கொடுக்கும் முட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘இந்த லெவலில் முட்டு அதிகம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆடுபவர் கண்ணில் படும் வரியில் முட்டுச்சந்து என்றே போடலாம், கையேட்டில் முட்டு இருக்கட்டும். முட்டுக்கட்டம் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அச்சில் முட்டுக்கட்டை ஆகிவிடும்.

சொல்லோடு கருப்பொருளையும் பார்த்துவிடுங்கள். லூடம் டேரின் தனிநபர்ப் பிரிவுக்கு 48 மணி நேரம், குழுப் பிரிவுக்கு 72. 2013 டிசம்பரில் அங்கே வந்த கருப்பொருள் ‘உனக்கு ஒன்றுதான் கிடைக்கும்’. இப்படி ஒன்று வந்தால் கை முதலில் போவது ‘செயல்தவிர் ஒரு முறைதான்’ என்ற விதிக்கு. அது மோசமான யோசனை. ஐந்தாவது நகர்வில் முட்டில் விழுந்தவருக்கு அது முப்பதாவது நகர்வில்தான் உறைக்கும். ஒரே ஒரு செயல்தவிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றை உலகத்துக்குள் வையுங்கள்: ஒவ்வொரு கதவும் ஒரு முறைதான் திறக்கும், ஒவ்வொரு தரைக்கல்லும் ஒரு மிதிக்குத்தான் தாங்கும். செயல்தவிருக்கு எல்லை வைக்காதீர்கள். எட்டுக்கு எட்டுப் பலகையைக் கட்டத்துக்கு ஒரு பைட் என்று சேமித்தால் ஆயிரம் நகர்வுக்கும் 64,000 பைட்தான்.

———

செயல்தவிரில் வழக்கமாக நேரும் இரண்டு பிழைகளையும் அந்தப் பத்தியிலேயே சேர்க்கவும். சுவரில் மோதும்போதும் நிலையைச் சேமித்தால், பின்னால் போகும்போது விசை வேலை செய்யாததுபோல் தெரியும். பலகை மாறினால் மட்டுமே சேமிக்க வேண்டும். இரண்டாவது, மறுதொடக்கத்தையும் ஒரு நகர்வாகவே செயல்தவிருக்காகச் சேமிக்கும் அடுக்கில் போட வேண்டும். இல்லாவிட்டால் தவறிப்போய் மறுதொடக்கத்துக்கான ஆர் விசை பட்டதும் நாற்பது நகர்வு போய்விடும்.

பஸில்ஸ்கிரிப்டில் (புதிர் ஆட்டம் செய்வதற்கென்றே உள்ள நிரல்மொழி) செய்பவர்களுக்கு இசட் விசையில் செயல்தவிர், ஆர் விசையில் மறுதொடக்கம் இரண்டும் தாமாகவே கிடைக்கின்றன. அங்கே ஆபத்து செக்பாயிண்ட் கட்டளையில். அதன்பின் ஆர் தட்டினால் லெவலின் தொடக்கத்துக்குப் போகாமல் அந்த இடத்துக்குத்தான் போகும். முட்டில் நிற்கும்போது செக்பாயிண்ட் விழுந்தால் ஆரால் மீள முடியாது. அங்கே முட்டு இல்லை என்று மேலே சொன்ன தேடலால் உறுதி செய்தபிறகே அதை வைக்க வேண்டும்.

———

நன்றி. கையேட்டில் போகும் பதிவு இது:

முட்டு: விதிகள் ஒழுங்காக ஓடியும், அந்த நிலையிலிருந்து எந்த நகர்வு வரிசையாலும் புதிர் தீராத நிலைமை. இனச்சொற்கள்: முட்டிடம், உறைமுட்டு, முட்டறிதல்.

சாவி சுவருக்குள் விழுந்து மறைவது, கதவு திறந்த ஒலி வந்தும் திறக்காமல் நிற்பது போன்றவை இதில் சேரா. அவை நிரல்பிழைகள். ஆங்கிலத்தில் இவற்றையும் சாஃப்ட்லாக் என்றே சொல்வதால் இந்த வரியைப் பதிவின் அடியில் சேர்த்திருக்கிறேன்.

முட்டறிதல் இருந்தாலும் விழுந்த கணமே அறிவிப்பதா என்பதை வடிவமைப்பவருக்கே விட்டிருக்கிறேன். உடனே சொன்னால் ஆடுபவர் யோசிப்பதை விட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப்பார்த்தே தீர்த்துவிடுவார். முதல் இரண்டு லெவலில் மட்டும் ‘முட்டுச்சந்து! இசட் தட்டித் திரும்புங்கள்’ என்று காட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்து நிறுத்திவிடலாம் என்று எழுதியுள்ளேன்.