ரமலானில் செய்முறைத் தேர்வு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். 2027ல் ரமலான், பிறையைப் பொறுத்து, பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கிற நேரம் அது. நோன்பு வைக்கும் மாணவர்களுக்காகச் சில விஷயங்களில் உங்கள் யோசனை தேவை.

முதலில் வேதியியல் ஆய்வகம். டைட்ரேஷனுக்கு (கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனை) வாயால் உறிஞ்சி பிப்பெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயை நிரப்பும் பழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. கரைசல் தொண்டைக்குள் போனால் நோன்பு முறியுமே என்று பிள்ளைகள் தயங்கி, அளவுக்கோட்டைத் தவறவிடுகிறார்கள். (நோன்பு இல்லாதவர்களும் வாயால் உறிஞ்சக் கூடாது, அது தனிக்கதை.) ரப்பர் பல்பு வைத்துப் பழக்க எத்தனை வகுப்பு பிடித்தது? 30 பேர் தொகுதிக்கு எத்தனை பல்பு போதும்?

அடுத்து நேரம். தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து படுக்கப் பத்தரை ஆகிவிடும், விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு நாலு மணிக்கு எழ வேண்டும். மூன்று மணிக்கு மேல் தேர்வு வைத்தால் தெரிந்த கணக்கே தப்பாகிறது. காலை முதல் இரண்டு பீரியடுக்கு மாற்றியவர்கள் கால அட்டவணையைப் பகிர முடியுமா? மாலைச் சிறப்பு வகுப்பை ஐந்துக்குள் முடித்தால்தான் ஆறேகாலுக்கு வீட்டில் நோன்பு திறக்க முடியும்.

வெள்ளிக்கிழமை பொதுத்தேர்வு 1.15க்கு முடிகிறது. பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ (வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகை) நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

மதிய இடைவேளையில் நோன்பு வைத்தவர்கள் இருக்க நூலகத்தைத் திறந்துவைக்கிறோம். மாதவிடாய் நாட்களில் மாணவிகளுக்கு நோன்பு கிடையாது; “இன்னைக்கு ஏன் நோன்பு இல்லை?” என்று வகுப்பில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ள என்ன செய்கிறீர்கள்?